எந்த வாறன்?

கஜந்தினியின் குழப்பம் ஒரு பாஸ்போர்ட்டில் தொடங்கியது.

அன்று வியாழக்கிழமை மாலை. ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் அவர்களுடைய வீட்டுச் சமையலறையில், அப்பா தேவராசா ஒரு கையில் தேத்தண்ணியும் மறு கையில் போனுமாக நின்றார். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்த போனில் பேசியவர் சித்தப்பா சண்முகராசா. அப்பாவின் ஒரே தம்பி.

சித்தப்பா குடும்பம் மூன்று வருடத்துக்கு முன் ஜெர்மனியிலிருந்து அயர்லாந்துக்கு வந்து, கேவன் என்ற ஊரில் குடியேறியது. அயர்லாந்துத் தீவின் நடுவே ஓர் எல்லை ஓடுகிறதாம். எல்லைக்கு வடக்கே உள்ள துண்டு லண்டன் இருக்கும் நாட்டோடு சேர்ந்தது. தெற்கே உள்ளது தனி நாடு. கேவன் தெற்கே, எல்லையோரமாக இருக்கிறது. அப்பா இதை ஒருமுறை வரைபடத்தில் விரலால் காட்டி விளக்கினார். கஜந்தினிக்கு அதில் பாதிதான் விளங்கியது. அப்பாவுக்கும் பாதிதான் விளங்கியிருக்கும் என்று அவளுக்கு ஒரு சந்தேகம்.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் துஷ்யாவைக் கூட்டிக்கொண்டு மார்பிள் ஆர்ச்சுக்குப் போறம். நீங்களும் வாங்கோவன்," என்றார் சித்தப்பா.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. மார்பிள் ஆர்ச் லண்டனின் நட்டநடுவில் நிற்கிறது. ஒக்ஸ்போர்ட் வீதி முடிகிற இடத்தில், வெள்ளைக் கல்லால் கட்டிய பெரிய வளைவு அது. தம்பி குடும்பம் லண்டனுக்கு வருகிறது என்று அப்பா அம்மாவுக்குக் கையாலேயே சைகை காட்டினார்.

"கட்டாயம் வாறம்," என்றார் அப்பா.

"உண்மையாவோ அண்ணை?" சித்தப்பாவின் குரலில் ஆச்சரியம். "நான் வந்து உங்களைக் காரிலை ஏத்தவோ?"

"நீ என்னை ஏத்தப் போறியோ? எனக்கு வழி தெரியும் தம்பி. கண்ணைக் கட்டி விட்டாலும் வந்து சேருவன்."

சித்தப்பா அதோடு விட்டுவிட்டார்.

"சரி அண்ணை. பாஸ்போர்ட்டை மறந்திடாதேங்கோ. நல்ல சப்பாத்தும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு வாங்கோ, உள்ளுக்குக் குளிரும். நேரம் கிடைச்சால் பின்னேரம் சொர்க்கப் படிக்கட்டிலையும் ஏறுவம்."

அம்மா ஜெயகௌரி வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டார்.

"என்ன கதை இது? பாஸ்போர்ட்டும் கொண்டு சொர்க்கத்துக்கோ?" என்று மெல்லக் கேட்டார்.

"பேசாமல் இரும். தம்பி ஒண்டு சொன்னால் அதிலை காரணம் இருக்கும்," என்றார் அப்பா.

யாராவது பத்திரம் கேட்டால் ஏன் என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் அப்பாவுக்கு இல்லை. அவர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த காலத்தில், அடையாள அட்டை இல்லாமல் கடைக்குப் பாண் ரொட்டி வாங்கக்கூடப் போக முடியாதாம். ஆகவே கொண்டு வா என்றால் கொண்டு போவார்.

அடுத்ததாகத் துஷ்யா போனை வாங்கினாள். சித்தப்பாவின் மகள். அவளுக்கு எட்டு வயது, கஜந்தினியைவிட இரண்டு வயது இளையவள்.

"கஜா அக்கா, உள்ளுக்குச் சரியான இருட்டாம். நீங்கள் என்ரை கையைப் பிடிப்பியளோ?"

கஜந்தினி யோசித்தாள். மார்பிள் ஆர்ச்சுக்குள் இருட்டா? இந்தப் பக்கம் நுழைந்து கண்ணைச் சிமிட்டுவதற்குள் அந்தப் பக்கத்தால் வந்துவிடலாம். அங்கே ஒளித்து விளையாடக்கூட இருட்டில்லை. ஆனால் துஷ்யாவின் குரல் நடுங்கியது. நடுங்கும் குரலிடம் போய்க் கேள்வி கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

"ஓம், பிடிப்பன்," என்றாள்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அப்பா போனைத் திரும்ப வாங்கி, "சரி தம்பி, அப்ப வாறம்," என்று சொல்லி வைத்தார்.

எல்லாப் பேச்சையும் அப்பா இப்படித்தான் முடிப்பார். 'போறன்' என்று சொல்லிவிட்டுப் போவது நம் ஆட்களுக்குப் பிடிக்காது. கடைக்குப் போனாலும் 'வாறன்', வேலைக்குப் போனாலும் 'வாறன்'. இருந்த இடத்திலிருந்து அசையாமல் போனை வைத்தாலும் 'வாறம்'.

ஆனால் தொடர்பு அறுவதற்குள் கஜந்தினிக்கு மறுமுனையில் ஒரு சத்தம் கேட்டுவிட்டது. "அம்மா, வாறம் எண்டு சொல்லிட்டினம்" என்று துஷ்யா கத்திக்கொண்டு ஓடினாள்.

லண்டனுக்கு வருகிறது அவர்கள்தானே? பிறகு ஏன் இவர்கள் வருவதற்கு அவள் துள்ளுகிறாள்? கஜந்தினிக்குத் தலை சுற்றியது. அம்மா வெங்காயத்தை உரிக்கச் சொன்னதும் அந்தக் கேள்வியை மறந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு வார விடுமுறை தொடங்கியிருந்தது. விருந்தினருக்காக வீடு பளபளத்தது. கஜந்தினியின் அறையில் துஷ்யாவுக்கென்று ஒரு மெத்தை விரித்தாயிற்று. அம்மா விடியற்காலையில் எழும்பி, கறி வைத்துச் சுருட்டிய இருபத்துநான்கு ரோல்ஸ் பொரித்தார். அப்பா மூன்று பாஸ்போர்ட்டையும் பொலித்தீன் பையில் சுற்றி, சட்டைப்பையில் வைத்து, மேலே தட்டிப் பார்த்துக்கொண்டார்.

மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மூவரும் ரயிலேறினார்கள். இரண்டு இடத்தில் மாறி, மார்பிள் ஆர்ச் நிலையத்தில் இறங்கி மேலே வந்தபோது மழை தூறியது. வெள்ளை வளைவைச் சுற்றிச் சிவப்பு பஸ்கள் ஓடின. தம்பியைக் காணவில்லை.

வீதிக்கு அந்தப் பக்கம், ஹைட் பார்க் மூலையில், ஒரு மனிதர் மடக்கு ஏணியில் ஏறி நின்று உலகம் கெட்டுப்போய்விட்டது என்று உரத்துப் பேசிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே அப்படித்தான், விரும்பியவர் ஏறிப் பேசலாம்.

அம்மா அந்த ஏணியைக் கவலையோடு பார்த்தார். "இஞ்சாருங்கோ, சொர்க்கப் படிக்கட்டு இதுதானோ?"

அப்பா பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. அவர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்?"

"மார்பிள் ஆர்ச்சிலை. நீ எங்கை?"

"நானும் மார்பிள் ஆர்ச்சிலைதான். வாசலிலை நிக்கிறன்."

"நானும் வாசலிலைதானே நிக்கிறன்." அப்பா வளைவைச் சுற்றி ஓட்டமும் நடையுமாக ஒரு வட்டம் வந்தார். "காணேல்லையே. உங்கை மழையோ?"

"ஓம், மழை."

"இஞ்சையும் மழை. அப்ப கிட்டத்தான் நிக்கிறாய். கையைத் தூக்கு."

"தூக்கிட்டன் அண்ணை."

அப்பாவும் கையைத் தூக்கினார். இரண்டு சகோதரர்கள், இரண்டு இடத்தில், மழைக்குள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அப்பாவுக்கு முன்னால் ஒரு டாக்சி வந்து நின்றது.

கஜந்தினி போனில் காதை வைத்துக் கேட்டாள். சித்தப்பாவின் பக்கத்தில் பஸ் சத்தம் இல்லை. ஏணி மனிதரின் குரலும் இல்லை. வேறு ஏதோ ஒன்று கேட்டது.

"சித்தப்பா, உங்களுக்குப் பக்கத்திலை சிவப்பு பஸ் நிக்குதோ?"

"பஸ்ஸோ? இல்லைப் பிள்ளை. செம்மறி ஆடு நிக்குது."

"ஒக்ஸ்போர்ட் வீதியிலை ஆடோ?" என்றார் அப்பா. கை இன்னும் மேலேயே இருந்தது.

"ஒக்ஸ்போர்ட் வீதியோ?" என்றார் சித்தப்பா.

கஜந்தினி போனுக்குக் கிட்டப் போனாள். "சித்தப்பா, உங்கடை மார்பிள் ஆர்ச் எண்டால் என்ன?"

"குகை, பிள்ளை. மார்பிள் ஆர்ச் குகை. நிலத்துக்கு அடியிலை. எங்கடை வீட்டிலையிருந்து எல்லையைத் தாண்டினால் கிட்டத்தான். நீங்கள் பெல்பாஸ்டிலை இறங்கிக் கார் எடுத்து வாறியள் எண்டு நினைச்சன். அண்ணை வழி தெரியும் எண்டவர்."

அப்பா மெதுவாகக் கையை இறக்கினார். டாக்சிக்காரர் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனார். குளிரும் இருட்டும் பாஸ்போர்ட்டும் ஒவ்வொன்றாகக் கஜந்தினிக்கு இப்போது விளங்கின. அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. சித்தப்பாவுக்கும் வந்தது. "ஒரே பேரிலை இரண்டை வைச்சவனைச் சொல்ல வேணும்," என்று இருவரும் சிரித்தார்கள்.

துஷ்யா சிரிக்கவில்லை.

"அவையள் வரேல்லையோ?" என்று அவள் கேட்பது கேட்டது. பிறகு போனை வாங்கிச் சொன்னாள். "நீங்கள் எப்பவும் வாறம் எண்டுதான் சொல்லுறியள். நான் சின்னனிலை ஒவ்வொருக்காலும் யன்னலுக்குப் போய்ப் பாத்தனான். ஒருநாளும் நீங்கள் வாறேல்லை."

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. மூன்று வருடமாக அவர் எத்தனை தரம் அந்த 'வாறம்' சொல்லியிருப்பார் என்று கஜந்தினி எண்ணிப் பார்த்தாள். எண்ண முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

சித்தப்பா போனை வாங்கித் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை துஷ்யாவின் வகுப்பு முழுவதும் இந்தக் குகைக்கு வருகிறது. அவளுக்கு இருட்டென்றால் பயம். பயந்து அழுதால் மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்று அதைவிடப் பெரிய பயம். அதனால் இன்றைக்கே ஒருமுறை உள்ளே போய்ப் பழகட்டும் என்று கூட்டி வந்தார்கள். கஜா அக்கா வருவா என்றதால்தான் காரில் ஏறினாள். பதினொன்றரைக்கு உள்ளே போக வேண்டும். இப்போது வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம்.

"அம்மான்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு போகலாம்தானே?" என்று அம்மா கேட்டார்.

"அம்மாவுக்கும் பயம்," என்று துஷ்யா பின்னாலிருந்து சொன்னாள். "அவ அப்பான்ரை கையைப் பிடிக்கிறா."

பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் யோசனை சொல்லத் தொடங்கினார்கள். கஜந்தினி அதைக் கேட்கவில்லை. சத்தியம் செய்தவள் அவள். என்னவென்று தெரியாமல் செய்த சத்தியமும் சத்தியம்தானே. லண்டனில் நின்றுகொண்டு அயர்லாந்தில் இருக்கும் கையை எப்படிப் பிடிப்பது?

அவள் சுற்றிப் பார்த்தாள். வளைவு, பஸ், ஏணி மனிதர், நிலையத்துக்கு இறங்கும் படிக்கட்டு. அவளது கண் படிக்கட்டில் நின்றது.

"துஷ்யா, உன்ரை மார்பிள் ஆர்ச்சுக்குக் கீழை குகை இருக்கு. என்ரை மார்பிள் ஆர்ச்சுக்குக் கீழையும் ஒரு குகை இருக்கு. நீ இறங்கேக்கை நானும் இறங்கிறன். நீ மேலை வருமட்டும் நானும் மேலை வரமாட்டன்."

துஷ்யா சற்று யோசித்தாள். "உங்கை இருட்டோ?"

இருட்டு என்று சொல்லிவிடலாமா என்று கஜந்தினிக்கு ஓர் ஆசை வந்தது. ஆனால் இன்றைக்கு இவ்வளவு குழப்பம் போதும் என்று நினைத்தாள்.

"இல்லை, லைட் இருக்கு. ஆனால் ஒரு மாதிரி மணக்கும்."

"எங்கடை குகை மணக்காது," என்றாள் துஷ்யா. குரலில் கொஞ்சம் பெருமை. "அப்ப கையை எப்பிடிப் பிடிக்கிறது?"

"உன்ரை வலக்கையாலை இடக்கையைப் பிடி. பிடிச்சிட்டியோ? அந்த வலக்கை என்ரை. நானும் அப்பிடிப் பிடிப்பன். என்ரை இடக்கை உன்ரை."

"உள்ளுக்குப் போன் வேலை செய்யாதாம்."

"நீ வெளியிலை வந்ததும் சித்தப்பா அப்பாவுக்கு அடிக்கட்டும். அப்பா மேலை நிண்டு எனக்கு வந்து சொல்லுவார்."

"மழைக்குள்ளையோ?" என்றார் அப்பா. பிறகு பெட்டிப் பாம்பாய் அடங்கிக் குடையை விரித்தார்.

பதினொன்றரை ஆகிவிட்டது. மறுமுனையில் யாரோ ஆட்களை உள்ளே அழைக்கும் குரல் கேட்டது.

"சரி அக்கா. போறன்," என்றாள் துஷ்யா. அந்தச் சொல் அரைவாசியிலேயே நடுங்கியது.

"போறன் எண்டு சொல்லக்கூடாது. வாறன் எண்டு சொல்லு."

"ஆனால் நான் வரேல்லையே. போறன்தானே."

கஜந்தினி இதை ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது யோசித்தாள்.

"போனாலும் திரும்பி வருவம் எண்டதுக்குத்தான் அப்பிடிச் சொல்லுறது. நீ உள்ளுக்குப் போனாலும் வெளியிலை வருவாய்தானே? அதாலை வாறன்."

மறுமுனையில் செம்மறி ஆடு மட்டும் கத்தியது.

"அப்ப... வாறன் அக்கா."

"வாறன்," என்று கஜந்தினியும் சொல்லிவிட்டு, இடக்கையை வலக்கையால் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். ரோல்ஸ் பெட்டியோடு அம்மாவும் பின்னால் வந்தார்.

நிலத்தடிப் பாதையில் மஞ்சள் விளக்குகள் எரிந்தன. ஆட்கள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு போனார்கள். கஜந்தினி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள். திரும்பி நடந்தாள். கைகள் கோத்தபடியே இருந்தன. மூக்கு அரித்தபோது தோளில் தேய்த்துக்கொண்டாள். அம்மா ரோல்ஸை வாய்க்கு நேரே நீட்டினார்.

ஆறாவது தரம் நடக்கும்போது நிலையத்தில் வேலை செய்யும் ஒரு பெண் வழிமறித்தார். அவருடைய அட்டையில் கத்தரின் என்று எழுதியிருந்தது. வழி தவறிவிட்டாயா என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

இல்லை, சித்தப்பாவின் மகள் வெளியே வரும்வரை காத்திருக்கிறேன் என்றாள் கஜந்தினி.

எந்த வாசலால் வருவாள் என்று கத்தரின் கேட்டார்.

அயர்லாந்தில் இருக்கும் ஒரு குகையின் வாசலால் என்றாள் கஜந்தினி.

கத்தரின் அவளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். நிலையத்தில் பல ஆண்டு வேலை செய்தவர் போலும். சரி என்று தலையாட்டி, அம்மா நீட்டிய ரோல்ஸை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

முக்கால் மணி நேரமாயிற்று. அம்மாவுக்குக் கால் வலித்தது.

"கஜா, மேலை போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வருவமே? அவளுக்கு என்ன, தெரியவோ போகுது?"

"எனக்குத் தெரியுமே அம்மா."

அம்மா ஸ்வெட்டரைக் கழற்றி நிலத்தில் விரித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு மணி நேரம் தாண்டியது. கைவிரல்கள் விறைத்துப்போயின. துஷ்யா அழுதிருப்பாளா? பாதியில் திரும்பியிருப்பாளா? திரும்பியிருந்தால் போன் வந்திருக்குமே. வரவில்லை என்றால் உள்ளேதான் இருக்கிறாள். கஜந்தினி இப்படியே தனக்குள் கணக்குப் போட்டுப் போட்டு நடந்தாள்.

கடைசியில் படிக்கட்டில் நனைந்த சப்பாத்து இரண்டு தெரிந்தன. பிறகு குடை. பிறகு அப்பாவின் சிரித்த முகம்.

"வந்திட்டாள்," என்று போனை நீட்டினார்.

துஷ்யா மூச்சுவிடாமல் பேசினாள். "அக்கா, உள்ளுக்கு ஆறு ஓடுது. தண்ணிக்குள்ளை கல்லெல்லாம் தலைகீழாத் தெரியுது. கூட்டிக்கொண்டு போனவ ஒருக்கால் எல்லா லைட்டையும் நிப்பாட்டினவ. நான் உங்கடை கையை விடேல்லை. அம்மாதான் கத்தினவ."

"நானும் விடேல்லை," என்றாள் கஜந்தினி. அவளுக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தில்தான்.

"செவ்வாய்க்கிழமை நான் வரிசையிலை முன்னுக்கு நிப்பன்."

அப்பாவும் சித்தப்பாவும் பிறகு கொஞ்ச நேரம் கதைத்தார்கள். சொர்க்கப் படிக்கட்டு என்பது குகைக்குப் பக்கத்து மலையில் ஏறும் நீண்ட மரப்படி என்று தெரியவந்ததும் அம்மா பெருமூச்சு விட்டார்.

"எல்லையைத் தாண்டேக்கை ஆமிக்காரர் மறிச்சுச் சோதிப்பினமோ?" என்று அப்பா கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை அண்ணை. வீதிப் போர்டிலை கிலோமீற்றர் போய் மைல் வரும். அவ்வளவுதான். பாஸ்போர்ட் கொண்டு வரச் சொன்னது பிளேனுக்கு."

ஒருவரும் மறிக்காத எல்லையை அப்பாவால் நம்பவே முடியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, வழக்கம்போலப் பேச்சை முடிக்கப் போனார்.

"சரி தம்பி, அப்ப வா..."

பாதியில் நிறுத்திவிட்டார். கஜந்தினியும் அம்மாவும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனுக்குள்ளும் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

"பெரியப்பா," என்றாள் துஷ்யா. "எந்த வாறம்? வாற வாறமோ, போற வாறமோ?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். விடுமுறை முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. பெட்டியில் பதினாறு ரோல்ஸ் மிச்சம் இருந்தன. அம்மா தலையசைத்தார்.

"வாற வாறம், பிள்ளை. வியாழக்கிழமை," என்று சொல்லிவிட்டு அப்பா சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார். மூன்று பாஸ்போர்ட்டும் நனையாமல் பத்திரமாக இருந்தன.